சுகர் மாத்திரையும் ஏஐயும்: மருந்துக் கடையில் நான் பார்த்தவை

சேரன்மகாதேவியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பத்தமடை, வீரவநல்லூர், முக்கூடல் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு சுகர், பிரஷர் மாத்திரை பலருக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. எனக்கு வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, கேள்வி குறையவில்லை. மாத்திரை அங்கே, சந்தேகம் இங்கே. முன்னெல்லாம் “பக்கத்து வீட்டு மைனி சொன்னா” என்று ஆரம்பிப்பார்கள். இப்போது செல்போனை நீட்டி, “அண்ணாச்சி, ஏஐ இப்படிச் சொல்லுது, சரியான்னு பாருங்க” என்கிறார்கள்.

பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஏஐ என்றால் எல்லாம் ஒரே ரகம் இல்லை. கேட்டதும் தனக்குள் இருப்பதை வைத்துப் பதில் எழுதித் தருவது ஒன்று. கேள்வியை எடுத்துக்கொண்டு போய் மருத்துவ நூலகத்தில் தேடி, இன்ன கட்டுரையில் இப்படி இருக்கிறது என்று எடுத்துக் காட்டுவது இன்னொன்று. சில செயலிகளில் இரண்டும் இருக்கும்; தேடலை நாம்தான் முடுக்கிவிட வேண்டும். மருந்து விஷயத்தில் நான் இரண்டாவதைத்தான் தொடுவேன்.

நூலகம் என்று நான் சொல்வது முக்கியமாகப் பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. 1997லிருந்து உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. விவரம்தான்: தலைப்பு, எழுதியவர்கள், பெரும்பாலானவற்றுக்கு ஒரு சுருக்கம். முழுக் கட்டுரை இலவசமாக வேண்டுமென்றால் பிஎம்சி என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் எல்லாக் கட்டுரையும் அதில் இராது. அப்படியானால் ஏஐயும் பல நேரம் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத்தான் பேசுகிறது. “முழுக் கட்டுரையைப் படித்தாயா, சுருக்கத்தையா?” என்று கேட்டுவிடுவது என் வழக்கம்.

எங்கள் பக்கத்தில் பெரிய பயம், சுகர் மாத்திரை கிட்னியைக் காலி பண்ணிவிடும் என்பது. இந்தப் பயத்தில் மெட்ஃபார்மினைப் பாதியாக உடைத்துப் போடுகிறவர், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர், டாக்டரிடம் மூச்சுவிடாமல் நிறுத்தியே விட்டவர் எல்லாரையும் பார்க்கிறேன். ஒரு பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் வந்தார். ‘மெட்ஃபார்மின் கிட்னியைப் பாதிக்குமா’ என்று கேட்டிருந்தார். பதிலில் சிறுநீரகச் செயலிழப்பு, லாக்டிக் அமிலம், எச்சரிக்கை என்று திரை நிறைய இருந்தது. கீழே கட்டுரைகள் வேறு.

“இது போதும் அண்ணாச்சி, இனி அந்த மாத்திரையத் தொடமாட்டேன்” என்றார்.

ஏஐ காட்டிய கட்டுரைகளில் பொய் கிடையாது. கேள்வி கோணலாக இருந்தது. மெட்ஃபார்மினும் கிட்னியும் சேர்ந்து வரும் கட்டுரையைத் தேடினால், ஏற்கெனவே கிட்னி கெட்டவர்களைப் பற்றிய கட்டுரைகள்தான் அள்ளிக்கொண்டு வரும். ஏனென்றால் மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியே போவது கிட்னி வழியாக. கிட்னி மிகவும் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தங்கும். அரிதாக லாக்டிக் அமிலம் கூடி ஆபத்தாகும். அதற்காகத்தான் எல்லை வைத்திருக்கிறார்கள். 2016ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்ன கணக்குப்படி, ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் எண், 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 30க்கும் 45க்கும் இடையில் இருந்தால் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். கிட்னி கெட்ட பிறகு இந்த மருந்தைக் கவனமாகக் கொடு என்பது ஒரு விஷயம். இந்த மருந்தால் கிட்னி கெடும் என்பது முற்றிலும் வேறு விஷயம். அவர் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதாக எடுத்துக்கொண்டார்.

அவர் முன்னாலேயே கேள்வியை மாற்றி எழுதினேன்: ‘கிட்னி நன்றாக இருக்கிற, இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் மெட்ஃபார்மின் எடுத்தால், எடுக்காதவர்களைவிடக் கிட்னி சீக்கிரம் கெடுகிறதா? மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மட்டும். எதிராகச் சொல்லும் ஆய்வு இருந்தால் அதையும் காட்டு.’ வந்த பதிலின் முகமே வேறு. நல்ல கிட்னியை மெட்ஃபார்மின் கெடுத்ததாக அது காட்டிய ஆய்வுகளில் இல்லை; கட்டுக்குள் வராத சுகர் கெடுக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் குவிந்து கிடக்கிறது. கூடவே 1998ல் வந்த பிரிட்டன் ஆய்வையும் எடுத்துக் கொடுத்தது. உடல் எடை கூடிய சுகர்காரர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பி இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் சுகர் தொடர்பான மரணம் 42 சதவீதம் குறைவு. “இத நிறுத்திட்டா என்னென்ன கைவிட்டுப் போகும்னு கேட்டிருந்தா, இது முதல்லயே வந்திருக்கும்ல?” என்றேன். அவர் கிட்னி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஈஜிஎஃப்ஆர் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகச் சொன்னேன். கடைக்காரன் அதற்கு மேல் சொல்லக்கூடாது.

அதிலிருந்து யார் வந்து கேட்டாலும் கேள்வியில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பேன்: யாருக்கு, என்ன மருந்து, எதோடு ஒப்பிட்டு, என்ன நடந்தது. ஆய்வாளர்களும் கேள்வியை இப்படித்தான் கட்டுகிறார்கள். ‘நல்லதா’, ‘கெட்டதா’ என்று மொட்டையாகக் கேட்டால், நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதையே அது தேடிக்கொண்டு வந்து வைக்கும். நம்மைப் பாராட்டிவிட்டு வைக்கும் என்பது இன்னும் மோசம்.

மருந்தின் கடைப் பெயரைப் போட்டுத் தேடுவதும் உதவாது. நம்மூர் அட்டையில் உள்ள பிராண்டு பெயர் அந்த நூலகத்துக்குப் பெரும்பாலும் தெரியாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் இருக்கும், அதுதான் வேண்டும். சுகர் மாத்திரைகளில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்து சேர்ந்து வருவது சகஜம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைப் போடுகிறவர் ‘என் மாத்திரையால் தலை சுற்றுமா’ என்று கேட்டால், இரண்டுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். சுகரைத் தாழ்நிலைக்கு இறக்கிவிடுகிற குணம் கிளிமிபிரைடுக்கு உண்டு; மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வது அபூர்வம்.

தமிழிலேயே கேட்கலாம், தடையில்லை. தேடல் என்னவோ ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதனால் ‘எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினாய், அந்த வரியை அப்படியே காட்டு’ என்று கேட்பேன். நூலகத்தில் கட்டுரைகளுக்குப் பொருள் வாரியாகத் தலைப்பு ஒட்டி வைக்கும் முறை 1960லிருந்து இருக்கிறது, மெஷ் என்பார்கள். தேடல் வரியில் மெஷ் தலைப்பு இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி. கருப்பட்டியைப் பற்றிக் கேட்டபோது இந்த வரிதான் காப்பாற்றியது. “உடன்குடிக் கருப்பட்டி சுகருக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு ஏஐயே சொல்லிட்டு” என்று ஒரு மாமா சந்தோஷமாக வந்தார். தேடல் வரியைத் திறந்து பார்த்தால் ‘பாம் சுகர்’ என்று மட்டும் போட்டுத் தேடியிருக்கிறது. வந்த கட்டுரைகளில் பாதி தென்னையிலிருந்து எடுக்கும் சர்க்கரையைப் பற்றியது. நம் பனையின் தாவரப் பெயரான பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபரைப் போட்டுத் தேடச் சொன்னால், சுகர்காரர்களிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு என்று சொல்லும்படி எதையும் அது கொண்டுவரவில்லை. கருப்பட்டியில் சத்து உண்டு, மறுக்கவில்லை; ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். சீனியும் அதேதான். காபியில் எதைப் போட்டாலும் சுகர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம்.

சிறுகுறிஞ்சான் கதையும் கிட்டத்தட்ட இதேதான். இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும், அது உண்மை. சுகரைக் குறைக்கும் என்று ஏஐ வரிசையாக அடுக்கிய ஆய்வுகளில் நிறைய எலிகள். ‘எலியை விட்டுவிடு, மனிதர் எத்தனை பேர்?’ என்று கேட்டதும் பட்டியல் சுருங்கிவிட்டது. மிஞ்சியவையும் சின்ன ஆய்வுகள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பொடி வாங்குகிறவர் கிளிமிபிரைடும் போடுகிறவரா? இரண்டும் சேர்ந்து சுகரை இறக்கினால் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, காலையில் கட்டிலிலிருந்து எழ முடியாமல் போகும். ‘இதோடு அது சேர்ந்தால்?’ என்று நாம் தனியாகக் கேட்டாலொழிய, அது தானாக எடுத்துச் சொல்லும் என்று நம்பியிருக்கக் கூடாது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் ஆச்சியை அவர் பேரன் கூட்டிக்கொண்டு வந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

“உள்ளங்கால் காந்துதுய்யா. ராத்திரி தூக்கமே கெடையாது. ஈரத்துணி சுத்திக்கிட்டுப் படுக்கேன்” என்றார் ஆச்சி. பல வருஷமாகச் சுகர். மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராம். நெஞ்செரிச்சலுக்கு என்று எப்போதோ ஆரம்பித்த கேஸ் மாத்திரை நிற்காமல் ஓடுகிறது. வீடு சுத்த சைவம். பேரன் கெட்டிக்காரன், மெட்ஃபார்மின் எடுத்தால் வைட்டமின் பி12 குறையுமா என்று ஏஐயிடம் கேட்டு, ரத்தப் பரிசோதனையும் செய்து கையில் வைத்திருந்தான். ரிசல்ட் 190. ஆய்வகச் சீட்டில் இயல்பு அளவு 187 முதல் 883 வரை. ஏஐ எடுத்துக் காட்டிய ஆய்வில் பற்றாக்குறை என்றால் 150க்குக் கீழே. இரண்டு கணக்கிலும் ஆச்சி பாஸ். “அப்போ பி12 நார்மல்தானே அண்ணாச்சி? எரிச்சலுக்கு மட்டும் ஏதாவது குடுங்க” என்றான்.

சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 190க்குப் பக்கத்தில் சின்னதாக, ஒரு மில்லிலிட்டரில் இத்தனை பிகோகிராம் என்று அலகு போட்டிருந்தது. ஏஐ காட்டிய ஆய்வு நெதர்லாந்தில் நடந்து 2010ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அதில் இருந்த 150, ஒரு லிட்டரில் இத்தனை பிகோமோல் என்ற கணக்கு. ஒரு பிகோமோல் கணக்கைப் பிகோகிராம் கணக்குக்குக் கொண்டுவர 1.355ஆல் பெருக்க வேண்டும். ஆச்சியின் 190ஐத் திருப்பி வகுத்தால் 140. அந்த ஆய்வின் அளவுகோலில் ஆச்சிக்குப் பற்றாக்குறை. ஏஐ இரண்டு எண்ணையும் அலகு பார்க்காமல் நேருக்கு நேர் ஒப்பிட்டிருக்கிறது. ‘அலகைச் சரிபார்’ என்று எழுதியதும் உடனே திருத்திக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. மன்னிப்புக் கேட்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

ரத்தச் சர்க்கரையிலும் இதே கண்ணி உண்டு. பிரிட்டன், ஐரோப்பியக் கட்டுரைகளில் வெறும் வயிற்றுச் சுகர் 7 என்று இருந்தால் அது நம் கணக்கில் 126. 18ஆல் பெருக்க வேண்டும். கிட்னிப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினினுக்கும் நாட்டுக்கு நாடு அலகு வேறு. எந்த எண்ணை ஏஐ சொன்னாலும் அலகோடு சொல்லச் சொல்லுங்கள். நம் ஆய்வகச் சீட்டில் உள்ள அலகையும் சேர்த்தே எழுதிக் கேளுங்கள்.

அதோடு நான் விடவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 390 பேர். எல்லாரும் இன்சுலினும் போட்டுக்கொண்டவர்கள். அதில் மெட்ஃபார்மின் கிடைத்தவர்களுக்கு 850 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. 4.3 வருடத்தில் அவர்களுக்குப் பி12 அளவு, டம்மி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் 19 சதவீதம் குறைந்தது. ஆச்சி எடுப்பது அதில் பாதிக்கும் குறைவு, இன்சுலினும் இல்லை. அப்படிப் பார்த்தால் ஆய்வு ஆச்சிக்கு அப்படியே பொருந்தாது. மறுபக்கம், பி12 இயற்கையாகக் கிடைப்பது மாமிசம், மீன், முட்டை, பாலில்தான். ஆச்சிக்கு மோரும் தயிரும் மட்டுமே வழி. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வருடத்துக்கு மேல் எடுத்தவர்களிடம் பி12 பற்றாக்குறை கூடுதலாகக் காணப்பட்டது என்று 2013ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அந்தக் கேஸ் மாத்திரையைப் பற்றிப் பேரன் ஏஐயிடம் சொல்லவே இல்லை, அதுவும் கேட்கவில்லை. கடையில் நாங்கள் முதலில் கேட்பதே “வேற என்ன மாத்திரை ஓடுது?” என்பதுதான்.

சுகரால் வரும் நரம்புக் கோளாறும் பி12 குறைந்து வரும் நரம்புக் கோளாறும் ஒன்றுபோலவே இருக்கும்: எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துகிற மாதிரி. எது என்று சொல்வது என் வேலையும் இல்லை, ஏஐயின் வேலையும் இல்லை. ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: ‘மெட்ஃபார்மின் 1000, கேஸ் மாத்திரை தினமும், சைவம், பி12 190 பிகோகிராம். கால் எரிச்சலுக்கு இதுவும் காரணமாக இருக்குமா?’ செல்போனில் பத்துப் பக்கத்தை நீட்டினால் எந்த டாக்டருக்கும் கோபம் வரும். வாசலில் அறுபது பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சீட்டைப் படித்துவிட்டு டாக்டர் பி12 ஊசி எழுதினார். கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்றும் பார்த்தார். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது என்கிறார் ஆச்சி. மீதி சுகரால் வந்ததாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மேற்கோள்களைப் பற்றி. பப்மெட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பிஎம்ஐடி என்று ஓர் எண் உண்டு. ஏஐ கொடுத்த எண்ணைப் பப்மெட் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். சொன்ன தலைப்பும் திறக்கிற தலைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். தேடாமல் பதில் சொல்லும் ரகத்திடம் ஒரு தடவை கேட்டதில், தலைப்பு அச்சு அசலாக இருந்தது, இதழின் பெயர் நிஜம், எண்ணைப் போட்டால் சம்பந்தமே இல்லாமல் ஈரலைப் பற்றிய கட்டுரை திறந்தது. அது சொன்ன தலைப்பில் ஒரு கட்டுரையே கிடையாது. தேடிச் சொல்லும் ரகத்தில் கட்டுரை நிஜமாக இருக்கும். ஆனால் அதில் இல்லாததைச் சில சமயம் இருப்பதாகச் சொல்லும். அதனால் சுருக்கத்தின் முடிவு வரிகளையாவது நீங்களே படியுங்கள். ஆங்கிலம் வராதென்றால் அந்த வரிகளை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டுச் சொல்லும் கோக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்புகளில் சிலவற்றுக்கு எளிய தமிழ்ச் சுருக்கமும் இருக்கிறது.

திரும்பப் பெற்ற கட்டுரைகளிலும் கவனம் வேண்டும். 2020ல் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் கேட்டுக் கடை வாசலில் நின்ற கூட்டம் எனக்கு மறக்காது. அந்த மே மாதம் அந்த மருந்து கொரோனா நோயாளிகளுக்கு ஆபத்து என்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய கட்டுரை வந்தது. அதன் தரவுகளைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஜூன் 4ஆம் தேதி திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பப்மெட்டில் அப்படிப்பட்ட கட்டுரையின் தலையிலேயே அறிவிப்பு இருக்கும். ஏஐயின் பதிலில் அந்த அறிவிப்பு விடுபட்டுப் போகலாம்.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து ஏஐக்கு அனுப்புகிறவர்கள் மேல்பகுதியை மடித்துவிட்டு எடுங்கள். பெயர், போன் நம்பர், ஆய்வகத்தின் பார்கோடு எதுவும் அதற்குத் தேவையில்லை. வயது, ஆணா பெண்ணா, எண், அலகு, ஓடுகிற மாத்திரைகள், இவை போதும்.

நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, வயலில் பாம்பு கடி, இவற்றுக்கு எந்த நூலகத்திலும் தேட வேண்டாம். போனைத் திறந்த கையோடு 108ஐ அழுத்துங்கள்.